படுத்தால் ஒன்று, நின்றால் ஒன்று

என் வேலையில் நோயாளிக்குச் சிரமமே கிடையாது. படுக்க வேண்டும், மூச்சு விட வேண்டும், எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். "இதை வேடிக்கை பாக்கவா உனக்குச் சம்பளம் தர்றாங்க?" என்று என் மாமியார் கேட்பார். ஆமாம், வேடிக்கை பார்க்கத்தான். நாம் சொல்லாமலேயே நமக்குள் வேலை செய்கிற நரம்புகள் சில இருக்கின்றன. இதயத்தை முடுக்கிவிடுவது, நிதானப்படுத்துவது, எழுந்து நிற்கும்போது ரத்தம் மொத்தமும் காலுக்கு இறங்கிவிடாமல் குழாய்களை இறுக்கிப் பிடிப்பது எல்லாம் அவற்றின் பொறுப்பு. தன்னியக்க நரம்புகள் என்று பெயர். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு அந்த நரம்புகள் ஒழுங்காக டியூட்டி பார்க்கின்றனவா என்று சோதிக்கும் அறைக்கு நான் டெக்னீஷியன். வேலப்பன்சாவடிப் பக்கம் கல்லூரிகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு ஆஸ்பத்திரியில், ஏ.சி. நன்றாக வேலை செய்யும் ஒரே அறை என்னுடையது.

பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றியதுமே "வீட்ல பார்த்தா நார்மலாத்தான் இருக்கு" என்று ஆரம்பிக்கும் அன்பர்களே, வெட்கப்பட வேண்டாம். டாக்டர் உள்ளே வந்தால் எல்லோருக்கும் ஏறுகிறது. நான் வந்தால் அதில் பாதி ஏறுகிறது. அறையைப் பெருக்க வரும் அக்கா வந்தால் மட்டும் யாருக்கும் ஏறுவதில்லை. தினமும் இத்தனை பேருக்குப் பட்டை கட்டுகிற நான், என் கையில் யாராவது கட்டினால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். நாமெல்லாம் ஒரே ஜாதி.

பாஸா, ஃபெயிலா

ஏகாம்பரம் ஆவடியில் ஒரு பெரிய ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர். ஷெட்டின் கூரையை ஒட்டி ஓடும் கிரேன். அதன் கூண்டுக்குப் போகச் சுவரோடு நிற்கும் இரும்பு ஏணியில் ஏற வேண்டும். சர்க்கரை பல வருஷமாக இருக்கிறது. பிரஷருக்கு இரண்டு மாத்திரை. உட்கார வைத்துப் பார்த்தால் எப்போதும் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் சமீபமாக, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. இதை ஆலையில் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. எங்கள் டாக்டரம்மாவிடம் மட்டும், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னாராம். ஆலையில் வருஷாந்திர மெடிக்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. பிரஷர் அதிகம் என்றால் மாத்திரையைக் கூட்டுவார்கள். கூட்டினால் தலை இன்னும் சுற்றும். சுற்றுகிறது என்று சொன்னால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். சொல்லாமல் ஏறினால் ஏணியிலிருந்து அவரே இறங்கிவிடுவார், ஒரேயடியாக. இப்படி நாலு பக்கமும் சுவர் வைத்துக்கொண்டுதான் என் அறைக்கு வந்தார்.

முதலில் படுக்க வைத்து, மெதுவாக ஆழமாக மூச்சு இழுத்து விடச் சொன்னேன். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். உங்களுக்கும் எனக்கும் அப்படித்தான். ஏகாம்பரத்துக்கு நாடி தொண்ணூற்றிரண்டு. இழுத்தாலும் தொண்ணூற்றிரண்டு, விட்டாலும் தொண்ணூற்றிரண்டு. சர்க்கரை அந்த நரம்புகளை அரித்துவிட்டால் இப்படி ஆகும். பிறகு எழுந்து நிற்கச் சொன்னேன். படுத்திருந்தபோது நூற்று நாற்பத்து நான்கு இருந்த பிரஷர், நின்றதும் தொண்ணூற்றெட்டுக்கு இறங்கியது. நாடி அசையவே இல்லை. வேறு யாராக இருந்தாலும் இதயம் பதறியடித்து ஓடியிருக்கும்.

முகம் வெளுத்துக் கட்டில் கம்பியைப் பிடித்தார். நான் முழங்கையைத் தாங்கிப் படுக்க வைத்தேன். அரை நிமிஷத்தில் தெளிந்துவிட்டார். தெளிந்ததும் கண் நேராக என் கம்ப்யூட்டர் திரைக்குப் போனது. "பாஸா, ஃபெயிலா?" என்றார். இது பரீட்சை இல்லை சார் என்றேன். நான் டைப் செய்வதைக் கவலையோடு பார்த்துக்கொண்டே சொன்னார்: "படுத்துக்கினு இருந்தப்போ நல்லாத்தானே மேடம் இருந்துச்சு. அதையே எழுதிக்குங்களேன்."

ஐஸ் பத்தவில்லை

இன்னொரு சோதனை, ஐஸ் தண்ணீரில் கையை விடுவது. மணிக்கட்டு வரை ஒரு நிமிஷம் வைத்திருக்க வேண்டும். குளிர் சுரீரென்று ஏறியதும் ரத்தக் குழாய்கள் சுருங்கி பிரஷர் கூட வேண்டும். ஆறடி ஆட்கள் பத்து விநாடியில் கையை உருவிக்கொண்டு என்னைக் கொலைகாரியைப் போலப் பார்ப்பார்கள்.

கொரட்டூரில் எனக்கு வாராவாரம் மீன் வெட்டித் தரும் அஞ்சலையக்கா ஒருநாள் நோயாளியாக வந்து சேர்ந்தார். கையை ஐஸ் தண்ணீரில் விட்டார். விட்டுவிட்டு, சங்கரா மீன் இந்த வாரம் ஏன் வரத்து குறைவு என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் போனது. பிரஷர் ஒரு புள்ளிகூட நகரவில்லை. எனக்கு பகீரென்றது. நரம்பு போய்விட்டதோ என்று டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் யோசித்துவிட்டு, கையை எடுத்துவிட்டு நெற்றியில் ஐஸ் பையை வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தேன். அஞ்சலையக்கா "அய்யோ" என்று எழுந்து உட்கார்ந்தார். பிரஷர் சமர்த்தாக ஏறியது. நரம்பில் கோளாறு இல்லை. பெட்டி பெட்டியாக ஐஸில் மீன் அளைந்த கைக்கு என் ஐஸ் ஒரு பொருட்டே இல்லை, அவ்வளவுதான்.

நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவரே எனக்குக் காரணம் சொன்னார்: "கை வேல பாக்குற கை, கண்ணு. நெத்திக்கு இன்னா தெரியும்? அது பொட்டு வச்சிக்கினு சும்மாத்தானே கீது."

நூறிலிருந்து ஏழு

மனக் கணக்கும் ஒரு சோதனைதான். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போகச் சொல்வோம். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று போகும்போது பதற்றத்தில் பிரஷர் ஏறும். எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் எங்களுக்கு வேண்டும். விடை சரியா தப்பா என்பது வேண்டவே வேண்டாம். ஆனாலும் எல்லோரும் முடிந்ததும் விடை சரியா என்றுதான் கேட்கிறார்கள்.

கார்த்திக் என்று ஒரு பையன். மதுரைப் பக்கத்துக்காரன், அம்பத்தூரில் ஃபிளாட், ஐ.டி. வேலை. முப்பது வயதுகூட ஆகவில்லை, அதற்குள் பிரஷர். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. கணக்கை மளமளவென்று போட்டான். திரையில் கோடு ஆடாமல் அசையாமல் போனது. கணக்குக்குப் பயப்படுகிற ஜாதி இல்லை என்று முடிவுக்கு வந்து நான் பட்டையை அவிழ்க்கப் போன நேரம், மேஜையில் இருந்த அவனுடைய போன் அதிர்ந்தது. மேனேஜர். அவன் எடுக்கவில்லை, தொடவில்லை, தலையைக்கூடத் திருப்பவில்லை. ஓரக்கண்ணால் பெயரை மட்டும் பார்த்தான். நூற்றிருபத்தெட்டாக இருந்தது நூற்று அறுபத்து நான்குக்குப் போய் நின்றது. போன் ஓய்ந்த பிறகும் இறங்க மனமில்லாமல் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

நான் திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினேன். ரொம்ப நேரம் ஆர்வமாகப் பார்த்தான். பிறகு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் குரலில் கேட்டான்: "மேடம், இந்த ரிப்போர்ட்ட என் ஹெச்.ஆருக்கு ஒரு காப்பி அனுப்ப முடியுமா?"

ஷேர் ஆட்டோவில் ஒரு பெட்டி

ஏகாம்பரத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் பார்த்தது ஒரு மணி நேரம்தான், வீட்டில் ஒரு பகலும் ஓர் இரவும் பிரஷர் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் மருந்தில் கை வைக்க மாட்டேன் என்றார் டாக்டரம்மா. அதற்கென்று ஒரு சின்ன மெஷின் உண்டு. பட்டை மேல் கையில் இருக்கும், பெட்டி இடுப்பில் தொங்கும். பகலில் அரை மணிக்கு ஒரு தடவை, ராத்திரியில் மணிக்கு ஒரு தடவை தானாகக் காற்றடித்து பிரஷரையும் நாடியையும் பதிந்துகொள்ளும். ஏகாம்பரம் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். கட்டும்போது எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன்: காற்றடிக்கும்போது கையை ஆட்டாதீர்கள், குளிக்காதீர்கள், கழற்றாதீர்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுகிறவர்களை நம்பக் கூடாது என்று நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான்.

மறுநாள் மெஷினைத் திருப்பித் தரும்போது போன வழிக் கதையைச் சொன்னார். ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து கொஞ்ச தூரம் போனதும் சட்டைக்குள்ளே பெட்டி 'கீங்' என்று கத்திக் காற்றடிக்க ஆரம்பித்திருக்கிறது. நான் ஆட்டாதே என்று சொன்னதால் இவர் கையைத் தொங்கப் போட்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். சட்டைக் கை தானாக உப்புகிறது. ஆள் பேச மாட்டேன் என்கிறார். பக்கத்தில் இருந்த காலேஜ் பெண்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள். டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, பின்னால் திரும்பி, மரியாதை குறையாமல் கேட்டிருக்கிறார்: "அண்ணாத்தே, தப்பா நெனைச்சுக்காத. அது வெடிக்குமா?"

யாருடைய இரவு

பெட்டியில் பதிந்ததைக் கம்ப்யூட்டரில் இறக்கினேன். பகல் முழுக்க நாங்கள் எதிர்பார்த்த ஏகாம்பரம். உட்கார்ந்தால் நூற்று நாற்பதுக்குப் பக்கம், நடமாடும் நேரத்தில் நூறுக்குப் பக்கம். ராத்திரிதான் எங்களைத் திணற வைத்தது. நூற்று அறுபத்தெட்டு, நூற்று எழுபது, நூற்று அறுபத்தாறு. விடியும்வரை இறங்கவே இல்லை. நரம்பு பாதித்தவர்களுக்குப் படுத்தால் ஏறுவதும் நின்றால் இறங்குவதும் உண்டு. ஆகவே டாக்டரம்மா பேனாவை எடுத்துவிட்டார். ராத்திரிக்கு ஒரு மாத்திரை.

எடுத்த பேனாவை வைத்துக்கொண்டே யோசித்தார். இப்போதே எழுந்தால் சுற்றுகிற ஆள். ராத்திரி மாத்திரையும் போட்டுக்கொண்டு, சர்க்கரைக்காரர் பாத்ரூமுக்கு எத்தனை தடவை எழுந்திருப்பாரோ, அத்தனை தடவையும் விழ வழி இருக்கிறது. போடாவிட்டால், இந்த அழுத்தத்தில் மூளையில் ஏதாவது வெடிக்க வழி இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் ஏகாம்பரத்துக்குத்தான் ஆபத்து. "இங்க படுக்க வச்சப்போ நூத்தி நாப்பத்தி நாலுதானே இருந்துச்சு? வீட்ல படுத்தா மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டார். எனக்கும் அதுதான் குடைந்தது. மெஷின் மீது சந்தேகப்பட்டு, எங்கள் நர்ஸ் தேவியின் கையில் கட்டிப் பார்த்தேன். ஒழுங்காகத்தான் காட்டியது. தேவிக்குத்தான் பாவம், தனக்கும் பிரஷர் வந்துவிட்டதோ என்று நாள் பூராவும் கவலை.

மறுபடி இருவரும் உட்கார்ந்து திரையைப் பார்த்தோம். அதுவரை பிரஷர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், கீழே ஓடிய நாடிக் கோட்டைப் பார்க்கவில்லை. பகலில் தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் எழுபத்தெட்டு, எழுபது, எண்பத்து நான்கு. ஏறுகிறது, இறங்குகிறது. மூச்சை இழுத்தாலும் விட்டாலும் எழுந்து நின்றாலும் அசையாத நாடி, தூக்கத்தில் மட்டும் இப்படி ஊஞ்சல் ஆடுமா? காலை ஆறு மணிக்கு மறுபடி தொண்ணூற்றிரண்டில் வந்து நின்றுவிட்டது. டாக்டரம்மா பேனாவை மூடிப் பையில் செருகினார். என்னைப் பார்த்து, குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லாமல், ஆச்சரியமாகத்தான் கேட்டார்: "பகல் ஏகாம்பரத்தோடது. சரி. இந்த ராத்திரி யாரோடது?"

ஒரே உப்பு

வீட்டு நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தது அவர் மனைவி வசந்தா. பிளவுஸ் தைக்கிறவர், பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது, என் குரலைக் கேட்டதும் நின்றது. நான் சுற்றி வளைத்து, மெஷினை ராத்திரி கழற்றினீர்களா என்று கேட்டேன். கழற்றவே இல்லை என்றார் உறுதியாக. ராத்திரி பூராவும் கையில்தான் இருந்ததா என்றேன். ஆமாம், பூராவும் இருந்தது என்றார். யார் கையில் என்று கேட்டேன்.

கொஞ்சமும் தயங்காமல் சொல்லிவிட்டார். ஒளிக்க வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பத்து மணிக்குப் படுத்த மனிதர், பெட்டி காற்றடித்ததும் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறார். மறுபடி படுத்தார், மறுபடி எழுந்தார். தூங்காவிட்டால் காலையில் பிரஷர் ஏறிவிடும், ஏறினால் ஃபெயில். கழற்றவும் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஆகவே கழற்றாமல் இருக்க ஒரே வழி, மெஷின் சும்மா கிடக்காமல் யார் கையிலாவது இருப்பதுதான். வசந்தா தன் கையில் மாற்றிக் கட்டிக்கொண்டார். கணவர் நிம்மதியாகத் தூங்கினார். விடிந்ததும் அவர் கையில் திருப்பிக் கட்டி, பட்டையில் அச்சிட்டிருக்கும் அம்பு தமனி இருக்கும் பக்கம் பார்த்து இருக்கிறதா என்றுகூடச் சரிபார்த்திருக்கிறார். எங்கள் பயிற்சி மாணவர்கள் அந்த அம்பைக் கவனிப்பதே இல்லை.

சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. உங்கள் கணவருக்கு எடுத்த டெஸ்ட் அம்மா, அதை எப்படி நீங்கள் கட்டிக்கொள்ளலாம் என்று கேட்டேன். வசந்தாவுக்கு என் கேள்வியே புரியவில்லை. பொறுமையாக எனக்கு விளக்கினார்: "ஒரே ஊடு, ஒரே சோறு, ஒரே உப்பு. ரெண்டு பேர்ல யாரு கட்டிக்கினா இன்னா மேடம்?"

அண்ணாந்து பார்த்தவர்கள்

ஏகாம்பரத்துக்கு மறுபடி ஒருமுறை மெஷின் கட்டினோம். இந்தத் தடவை கழற்றினால் எனக்குத் தெரிந்துவிடும் என்று மிரட்டி அனுப்பினேன். தூங்காமல் கண் சிவந்து வந்து சேர்ந்தார். ராத்திரியில் நூற்று முப்பத்தெட்டு, நூற்று நாற்பது. நாடி தொண்ணூற்றிரண்டு. அசல் ஏகாம்பரம். ராத்திரி மாத்திரை தேவையே இல்லை. டாக்டரம்மா ஏற்கெனவே இருந்த இரண்டு மாத்திரையில் ஒன்றைப் பாதியாகக் குறைத்தார். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார். எழும்போது லைட்டைப் போட்டு, கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பிறகு மெதுவாக நிற்கச் சொன்னார்.

அதோடு, ஏணி ஏறக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். ஏகாம்பரம் அந்தத் தாளை வாங்கவில்லை. நான்தான் வாங்கினேன். ஆலையில் தரையில் நின்று, கையில் பட்டன் பெட்டியை வைத்துக்கொண்டு ஓட்டுகிற கிரேனும் இருக்கிறதாம். அதற்கு மாற்றுவார்கள், சம்பளம் குறையாது, வேலை போகாது. அதைச் சொல்லி நான் சமாதானப்படுத்தப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டார். லைட் போடுகிற விஷயத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "லைட்டு போட்டா வசந்தா முழிச்சிக்குவா மேடம். நாள் பூரா மெஷின் மிதிக்கிறா. நான் சுவர தடவிக்கினே போயிட்டு வந்துருவேன்" என்றார். தலை சுற்றுவது அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொடுத்தேன். கதவு வரைக்கும் போய் நின்றார். என்னைப் பார்க்காமல், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னார்: "இத்தினி வருஷமா ஷெட்டுல எல்லாரும் என்னை அண்ணாந்துதான் மேடம் பாத்தாங்க."

வசந்தா

மிச்சம் இருந்தது அந்த இரவு. மனைவியின் கையில் இருந்த நூற்று எழுபது. அதுவரை ஒருமுறைகூட பிரஷர் பார்த்துக்கொள்ளாத பெண். வரச் சொன்னோம். தனக்கு ஒன்றும் இல்லை என்றார், ஆர்டர் நிறைய இருக்கிறது என்றார், பண்டிகை முடியட்டும் என்றார். கடைசியில் டாக்டரம்மாவே போனில், உங்கள் கணவர் ரிப்போர்ட்டில் சந்தேகம் இருக்கிறது என்று ஒரு பொய் சொன்னார். அன்றைக்கே வந்துவிட்டார்.

அவர் கையில், அவர் பெயரிலேயே, மெஷினைக் கட்டி அனுப்பினோம். பகலில் நூற்று ஐம்பதுக்கு மேல். ராத்திரியில் எல்லோருக்கும் கொஞ்சமாவது இறங்க வேண்டும், இவருக்கு ஏறியது. மறுநாள் வந்தபோது என் அறையில் அவரும் நானும் மட்டும் இருந்தோம். மூச்சுப் பரிசோதனை, ஐஸ், எழுந்து நிற்பது என்று எல்லாம் செய்தேன். நரம்புகளெல்லாம் அருமையாக வேலை செய்தன. நான் எழுந்திருங்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் இதயம் தயாராக இருந்தது. எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. ராத்திரி மெஷின் சத்தத்தில் தூங்க முடியவில்லையா என்று கேட்டேன். சத்தம் ஒன்றும் பண்ணவில்லை என்றார். பிறகு ஏன் தூங்கவில்லை என்றேன். புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். வெளியே பெஞ்சில் கணவர் உட்கார்ந்திருக்கிறாரா என்று கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"அவருக்கு எழுந்தா தலை சுத்துது மேடம். அவரு சொல்லல, ஆனா எனக்குத் தெரியும். தீபாவளிக்கு முன்னாடி ஒருநாள் பாத்ரூம் வாசல்ல உக்காந்துக்கினு இருந்தாரு. அன்னையிலருந்து அவரு எழுந்து போயிட்டு வந்து படுக்கறவரைக்கும் நான் தூங்கறதில்ல" என்றார். அப்படியானால் எழுந்து லைட்டைப் போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகலாமே, ஏன் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்க வேண்டும் என்று கேட்டேன். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "நான் முழிச்சிக்கினு கீறேன்னு தெரிஞ்சா அவரு எழுந்துக்கவே மாட்டாரு மேடம். விடியறவரைக்கும் அடக்கிக்கினு படுத்துருப்பாரு."

எழுந்து நிற்கிறவருக்கு இறங்குகிற ரத்த அழுத்தம் பக்கத்தில் கண்மூடிப் படுத்திருப்பவருக்கு ஏறுகிறது என்பதைக் கண்டுபிடிக்க, பட்டையைத் தப்பான கையில் கட்டுவதைத் தவிர மருத்துவத்தில் இன்னும் வேறு வழி இல்லை.